கார்ஃபங்கல் வீட்டு மூன்றாவது மாடி

இதனால் புரூக்ளின் வாழ் யூதப் பெருமக்கள் அனைவருக்கும், குறிப்பாக ஸ்பாரோவ் ஊரிலிருந்து கப்பலேறி வந்தோர்க்கும் அவர்தம் சந்ததியார்க்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: வருகிற ஓய்வுநாள் காலை, நமது ஜெபக்கூடத்தில், வேத வாசிப்பைத் தொடர்ந்து, நமது தலைவரும் திரைச்சீலை வணிகச் செம்மலுமாகிய திரு. அன்ஷல் கார்ஃபங்கல் அவர்களுக்கு, மனித குலத்தின் விடுதலைக்காகத் தாம் பெற்ற மகளையே சிறைக்கு அனுப்பிய மாபெரும் தியாகத்தைப் போற்றும் முகமாக, 'விடுதலையின் தந்தை' என்னும் பட்டமும் பித்தளைப் பட்டயமும் வழங்கப்படும். அடுப்பில் வெந்த உருளைக்கிழங்குப் பணியாரமான குகலும் ஊறவைத்த மீனும் உண்டு.

இந்த அறிவிப்பை ஜெபக்கூட வாசலில் ஒட்டியவர் ஊழியர் லேப். எழுதியவர் கார்ஃபங்கல். கடைசி வரி மட்டும் லேப் சேர்த்தது. அது இல்லாவிட்டால் கூட்டம் வராது என்று அவருக்குத் தெரியும்.

இந்தக் குடும்பத்தை அறிந்தவர்களுக்கு அந்த 'அனுப்பிய' என்ற சொல் தொண்டையில் முள்ளாகச் சிக்கும். போன கோடையில் அவர் மகள், கல்லூரி மாணவி ரைஸல், கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்தில் சேரத் தெற்கு மாநிலங்களுக்குப் போகிறேன் என்று பெட்டி கட்டியபோது, அன்ஷல் ஈரத்துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். நீ போனால் எனக்கு மகளே இல்லை என்றார். அவள் போனதும் செத்தவர்களுக்குச் செய்வதுபோல முக்காலியைத் தரையோரம் இழுத்துப் போட்டுத் துக்கம் காக்க உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் வந்ததும் எழுந்துவிட்டார்.

அங்கே ஒரு சின்ன ஊரில், வெள்ளையர்களுக்கு மட்டும் பரிமாறும் ஓட்டலில், கறுப்பின நண்பர்களோடு சேர்ந்து உட்கார்ந்து காபி கேட்டதற்காக ரைஸலை உள்ளே போட்டார்கள். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அவள் நடந்து போகும் படத்தை நம் யூதர்கள் பேசும் இத்திஷ் மொழிப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. அன்றைக்குக் காலையில்தான் அன்ஷல் கார்ஃபங்கல் மறுபடியும் தகப்பனார் ஆனார். படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் வெல்வெட் துணிக்கு மேலே மாட்டினார்.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் ஃப்ரூமா. அன்ஷலின் மனைவி. வீட்டில் அவள் வார்த்தைக்கு மதிப்பு உண்டா என்று கேட்டால், வீடே அவள் பெயரில்தான் இருக்கிறது. ரயில் பாலத்தை ஒட்டிய, வாடகைக்கு விட்ட நான்கு மாடிக் கட்டடம்; அவர்கள் குடியிருப்பது வேறு தெரு. திரைச்சீலை வியாபாரம் ஆட்டம் கண்ட வருஷத்தில், கடன்காரர்கள் கைக்கு எட்டாமலிருக்க அன்ஷல் அதை அவள் பெயருக்கு மாற்றினார். அன்றிலிருந்து அவர் விரல் வைத்த இடத்தில் ஃப்ரூமா கையெழுத்துப் போடுவாள். கட்டடத்தோடு அவளுக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

நேற்று வெள்ளிக்கிழமை வரை.

நேற்று மத்தியானம் அவள் ஓய்வுநாள் ரொட்டிக்கு மாவைச் சடையாகப் பின்னிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கட்டடத்துக் காவலாளி கோவால்ஸ்கி. மூன்றாவது மாடிக் காலி வீட்டைப் பார்க்க ஒரு பெண் வந்தாள், கறுப்பினத்தவள், முதலாளி சொல்லி வைத்தபடி வீடு போய்விட்டது என்று அனுப்பிவிட்டேன், சரிதானே என்று கேட்டான். கையெல்லாம் மாவு. "சரி" என்று சொல்லிவிட்டு முழங்கையால் தொலைபேசியை வைத்தாள்.

ஒரே ஒரு சொல். மாவைக்கூட அவள் அதைவிட யோசித்துத்தான் பின்னினாள்.

சனிக்கிழமை காலை. ஜன்னலுக்கு வெளியே ஜனவரிப் பனி. அன்ஷல் புதுத் தொப்பியை வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, எகிப்தில் செங்கல் சுமந்த நம் முன்னோரைப் பற்றிய உரையை உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வாரத்து வேத வாசிப்பே, அவர்களை அடிமைகளாக வைத்திருந்த பார்வோன் மன்னனின் கதை. அவருக்கு அதிர்ஷ்டம் எப்போதும் அப்படித்தான் வந்து வாய்க்கும்.

ரைஸல் காபியைத் தொடவில்லை. மூன்றாவது மாடி வீடு போய்விட்டதா என்று கேட்டாள்.

போய்விட்டது என்றார் அன்ஷல், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"யாருக்குப்பா?"

"ஒரு குடும்பம். நல்ல மாதிரி."

"நேத்து லுவீனியா வந்தா. போயிடுச்சுன்னான் கோவால்ஸ்கி. கொஞ்ச நேரம் கழிச்சு என் கூடப் படிக்கிற வெள்ளைக்காரப் பொண்ணு நவோமியை அனுப்பினேன். சாவியைக் கையிலயே குடுத்து, நாளைக்கே வந்துடும்மான்னானாம்."

ஃப்ரூமா ஜாடியில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதை நிறுத்தவில்லை, ஆனால் ஜாடி எப்போதோ நிரம்பிவிட்டது.

லுவீனியா டேட்டைப் பற்றி அவளுக்குத் தெரியும். தெற்கே பள்ளிக்கூட ஆசிரியை. ஓட்டுரிமைக்குப் பதிவு செய்யப் போனதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவள். கோடை முழுக்க ரைஸல் தங்கியது அவள் வீட்டில்தான். ரைஸலோடு சேர்ந்து ஓட்டலில் உட்கார்ந்ததும், அதே நாளில் அதே சிறைக்குப் போனதும் அவள்தான். ஆனால் ஒரே அறை இல்லை. வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஒன்று, கறுப்பினப் பெண்களுக்கு ஒன்று; சிறையிலும் அந்த ஊர் தன் ஒழுங்கைக் கைவிடவில்லை. ரைஸல் எதற்காக உள்ளே வந்தாள் என்று தெரிந்ததும், அவளுடைய அறையிலிருந்த ஒருத்தி அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். அதே சுவருக்கு அந்தப் பக்கம் லுவீனியா. சத்தம் கேட்டது, கை எட்டாது, ஆகவே பாட ஆரம்பித்தாள். விடியும்வரை பாடினாள். நெற்றியோரத்துத் தழும்பைக் காட்டி ரைஸல் இதை அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அழாமல் சொன்னாள். அழுததெல்லாம் ஃப்ரூமா.

இப்போது லுவீனியாவுக்குப் புரூக்ளின் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. ஹார்லெமில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, தினமும் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள்.

அன்ஷல் திரும்பினார். முகத்தில் ஒரு தெய்வீகச் சோகம். "ஓய்வுநாள்ல வியாபாரம் பேசக் கூடாது ரைஸல். உனக்குத் தெரியாதா?"

வசதியான பக்தி. ரைஸல், வாஸ்தவம்தான், வியாபாரம் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதை அன்ஷல் தன் வாதத்தின் வெற்றியாக எடுத்துக்கொண்டார். பெற்றவள் மட்டும் அதை நம்பவில்லை.

ஜெபக்கூடத்தில் பெண்கள் மாடியில், ஆண்கள் கீழே. மாடி விளிம்பில் ஒரு திரை. கார்ஃபங்கல் கடையின் முதல் தரச் சரக்கு; கீழே நிமிர்ந்து பார்க்கிற யாருக்கும் தெரிகிற மாதிரி அன்பளித்தவர் பெயர் தங்க ஜரிகையில். மாடியில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் பின்பக்கமாக, இடவலம் மாறித் தெரியும். ஃப்ரூமா அப்படியே பார்த்துப் பழகியிருந்தாள்.

கூட்டம் நெரிந்தது. லேபின் கடைசி வரி வேலை செய்திருந்தது.

வேதச் சுருளைப் பேழையிலிருந்து எடுத்து, சுற்றிக் கொண்டுவந்து, நடுமேடையில் மேஜைமேல் கிடத்தினார்கள். வாசிப்பவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அப்போதுதான் பக்கத்தில் இருந்த ரைஸல் எழுந்தாள். படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தாள்.

மகள் எதற்கு எழுந்தாள் என்று ஃப்ரூமாவுக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. ஸ்பாரோவ்காரர்கள் எல்லோருக்கும் அந்த வழக்கம் தெரியும். அநியாயம் செய்யப்பட்டவர் யாரானாலும், விதவையோ, கூலிக்காரனோ, சுருளைப் பிரிக்கும் முன் மேடையேறி மேஜையைத் தட்டலாம். தட்டிவிட்டால் வாசிப்பு நிற்கும். ஊர் அவர் வழக்கைக் கேட்டுப் பதில் சொல்லும்வரை ஒரு எழுத்துக்கூட வாசிக்கக் கூடாது. புரூக்ளினில் கடைசியாகத் தட்டியவர் ஒரு கசாப்புக் கடைக்காரர். எதிர்க்கடைக்காரன் நிறுவையில் கை வைக்கிறான் என்று. அது போருக்கு முந்தின கதை.

ரைஸலின் பாவாடை நுனி ஃப்ரூமாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் போனது. இழுத்து உட்கார வைத்திருக்கலாம். கை மடியிலேயே இருந்தது. ஏன் என்று பிற்பாடு யோசித்தபோதும் அவளுக்குச் சரியான காரணம் கிடைக்கவில்லை. கோடையில் அந்தப் பெட்டியைக் கட்டியபோது இழுத்துப் பார்த்தாகிவிட்டது, அதனால் இருக்கலாம்.

ஆண்கள் பக்கத்தில் ஒரு பெண் நடந்து வருவதைப் பார்த்து ஜெபங்கள் பாதியில் அறுந்தன. ரைஸல் மேடையேறினாள். மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"வாசிப்பை நிறுத்துறேன்," என்றாள்.

அடுத்த கணம் பிரளயம். ஆனால் அது ஸ்பாரோவ்காரர்களின் பிரளயம். கொஞ்ச நேரத்திலேயே யாரும் அவளைத் திட்டவில்லை, ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பெண் தட்டலாமா? ஊரில் தட்டியவர்களில் பாதிப்பேர் பெண்கள்தானே என்றார் ஒருவர். கல்யாணமாகாத பெண்? அதற்கும் ஒரு முன்னுதாரணம் கிடைத்தது. அவள் தட்டியது இடது கை, அது செல்லுமா என்று ஒரு தையற்காரர் கிளப்பினார். இடதுகைப் பழக்கம் உள்ளவளுக்கு இடதே வலது என்று எதிர்வரிசை கத்தியது. சட்ட நுணுக்கத்தின் ஆனந்தத்தில் எல்லோர் முகமும் பளபளத்தது. பார்வோன் மட்டும் சுருளுக்குள் காத்துக்கொண்டிருந்தான்.

எந்தப் பக்கமும் சாயாமலே ஆயுளைக் கழித்த ஜெபக்கூடக் குரு ரபி ஸூஸ்மன் தாடியைத் தடவினார். வழக்கு யாருடையது என்று ரைஸலைக் கேட்டார்.

"லுவீனியா டேட்னு ஒருத்தங்க. டீச்சர். எங்கப்பா கட்டடத்துல வீடு காலியா இருக்கு. அவங்க தோலைப் பாத்துட்டு இல்லைன்னு அனுப்பிட்டாங்க."

எல்லாத் தலையும் முன்வரிசைக்குத் திரும்பின. அங்கே 'விடுதலையின் தந்தை' புதுத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

இது நம்ம ஆள் வழக்கே இல்லையே, வெளியாள் வழக்கு எப்படிச் செல்லும் என்று யாரோ முனகினார். ரபி, வெளியாள் பற்றி வேதத்திலேயே நிறைய இருக்கிறது என்று ஆரம்பித்து, அது எந்தப் பக்கம் கொண்டுபோய் விடும் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார். பிறகு வேறு வழியில்லாமல், பதில் வராமல் வாசிக்க முடியாது என்று மட்டும் தீர்ப்புச் சொன்னார்.

அன்ஷல் எழுந்தார். உரைக்கென்று நிரப்பி வைத்திருந்த நெஞ்சு, காற்றுப்போன பந்துபோல் இருந்தது. மாடியிலிருந்து திரையோரமாகப் பார்த்த ஃப்ரூமாவுக்கு, கோபத்தின் நடுவிலும், அவர் தோளைத் தொடவேண்டும் போலிருந்தது. ஊர்க்காரர்கள் ஒரே நாளில் முகம் மாறி யூதர்களை அடிக்க வந்ததை ஸ்பாரோவில் சின்ன வயதில் பார்த்த மனிதர் அவர். அக்கம்பக்கத்தைக் கண்டு பயப்படுவது அவர் ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது.

"எனக்கு அவங்க மேல ஒண்ணும் இல்ல," என்றார். மெல்லிய குரல். "சத்தியமா இல்ல. மத்த குடித்தனக்காரங்க... அவங்க காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. நான் என்ன செய்யட்டும்?"

ரைஸல் குரலை உயர்த்தவில்லை. மாடியில் இருந்தவர்கள் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"அந்த ஓட்டல்காரரும் இதையேதாம்ப்பா சொன்னார். எனக்கு ஒண்ணும் இல்லம்மா, மத்த வாடிக்கைக்காரங்க போயிடுவாங்கன்னார். நல்ல மனுஷன். சொல்லிட்டுத்தான் போலீசைக் கூப்பிட்டார். அவர் கடையில உக்காந்ததுக்குத்தான் நான் உள்ள போனேன். நான் உள்ள போனதுக்குத்தான் உங்களுக்கு இன்னைக்குப் பட்டயம்."

அன்ஷல் புதுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சின்ன வயதில் திட்டு வாங்கும்போது நிற்பதுபோல, ரைஸல் மேஜைக்குப் பின்னால் ஒரு காலை மறுகாலில் ஒளித்து நிற்பது ஃப்ரூமாவுக்குத் தெரிந்தது. மேலே இருந்துதான் அது தெரியும். கீழே இருந்தவர்கள் கண்ணுக்கு அவள் கல்தூண்.

பத்தொன்பது வயசு. சுவரில் மோதிய தலை. இன்றைக்கு அவள் தட்டியது ஒரு ஊர்பேர் தெரியாத போலீஸ் அதிகாரியின் மேஜை அல்ல. தினமும் சாப்பிட உட்கார வேண்டிய வீட்டின் மேஜை. இதற்குத்தான் தைரியம் அதிகம் வேண்டும் என்று ஃப்ரூமாவுக்குத் தோன்றியது. தான் பெற்றது இப்படி ஒன்றா என்று ஆச்சரியமாக இருந்தது. கூடவே கோவால்ஸ்கியின் குரல் காதுக்குள் கேட்டது: சரிதானே?

குற்றவாளி கீழே ஒருவர்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஃப்ரூமா அந்த மாடியில் வாயசைத்ததெல்லாம் ஜெபத்துக்கு மட்டும். இப்போது எழுந்தாள். கணவர் அன்பளித்த திரையை ஒரே இழுப்பில் விலக்கினாள். வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டு ஓடின.

"வீடு என் பேர்ல இருக்கு," என்றாள். கூடமே நிமிர்ந்தது. "நேத்து போனை எடுத்ததும் நான்தான். கோவால்ஸ்கி கேட்டான், சரின்னேன். மாவு கையோட சொன்னேன், யோசிக்கல. இப்ப யோசிச்சுட்டேன். அந்தப் பொண்ணு வரட்டும்."

"ஃப்ரூமா," என்றார் அன்ஷல், அதட்டலுக்கும் கெஞ்சலுக்கும் நடுவில்.

"காலி பண்றவங்க பண்ணட்டும் அன்ஷல். நீங்க உக்காருங்க." பிறகு மகளைப் பார்த்து, "கையை எடு ரைஸல். குகல் காயுது."

ரைஸல் உடனே எடுக்கவில்லை. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். போன் எடுத்தது அம்மா என்பது அவளுக்கு அப்போதுதான் தெரியும். அந்தப் பார்வையை ஃப்ரூமா வாங்கிக்கொண்டாள், கண்ணைத் திருப்பவில்லை. பிறகுதான் கை மேஜையை விட்டு எழுந்தது.

பேரம் பேசுவதெல்லாம் நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்த பிறகு, மனசு மாறுவதற்கு ஓய்வுநாள் தடையில்லை என்று ரபி அறிவித்தார். வாசிப்பவர் சுருளைப் பிரித்தார். அதில் எழுதியிருந்தபடியே பார்வோனுக்கு ஒரு வழியாக நெஞ்சு கடினப்பட்டது.

பட்டயம்? அது வழங்கப்பட்டது. பித்தளையில் பெயர் பொறித்தாகிவிட்டதே, என்ன செய்வது. அன்ஷல் கார்ஃபங்கலும் லேசுப்பட்டவர் அல்ல. குகல் வரிசைக்கு வந்து சேர்வதற்குள், 'எங்கள் கட்டடத்தின் கதவைத் திறப்பது என்று நானும் என் மனைவியும் முடிவெடுத்தபோது' என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியம் அவரிடம் தயாராக இருந்தது. ஊறவைத்த மீனைத் தாண்டுவதற்குள் அந்த 'மனைவியும்' காணாமல் போய்விட்டாள்.

குளிர்காலத்துச் சூரியன் சீக்கிரமே விழுந்தது. மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ரைஸல் லுவீனியாவுக்குப் போன் போட்டாள். செய்தி எப்படியோ பரவி, லுவீனியா வந்து இறங்கும்போது கட்டட வாசலில் பாதி ஜெபக்கூடம் நின்றது. தையற்காரர் ஒரு கேக் கொண்டுவந்திருந்தார். யாரோ காமிராவும் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் படியேறும்போது இரண்டாவது மாடிக் கதவு ஒன்று கொஞ்சம் திறந்து, எல்லோரையும் பார்த்து, சாத்திக்கொண்டது. உள்ளே பெட்டி இழுக்கிற சத்தமா, நாற்காலி இழுக்கிற சத்தமா என்று ஃப்ரூமாவால் நிச்சயப்படுத்த முடியவில்லை.

லுவீனியா டேட் முப்பதைத் தாண்டிய, மெலிந்த, நேராக நிற்கிற பெண். சாம்பல் கோட்டு, கையுறை. ரைஸலைக் கட்டிக்கொண்டு நெற்றித் தழும்பை விரலால் ஒரு முறை தொட்டாள். மார்ச்சில் அந்த ஓட்டல் வழக்கின் விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்களாம், நீயும் கூட வருகிறாய் அல்லவா என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டதும், ரைஸல் தலையாட்டியதும் ஃப்ரூமாவின் காதிலும் கண்ணிலும் விழுந்தன. அன்ஷலுக்கு விழவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாடிக் காலி வீட்டின் நடுவில் நின்று, எகிப்தில் நம் முன்னோர் என்று தொடங்கினார். ஜன்னலுக்கு வெளியே பாலத்தில் ரயில் தடதடத்து ஓடியது. கண்ணாடி அதிர்ந்தது. அது போகும்வரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். மறுபடியும் எகிப்து. மறுபடியும் ரயில்.

லுவீனியா உரை முடியக் காத்திருக்கவில்லை. அலமாரிக் கதவுகளைத் திறந்து பார்த்தாள். சுவரோரத்து ஈரத்தை விரலால் தொட்டு முகர்ந்தாள். சமையலறைக் குழாயைத் திருகி, கையுறையைக் கழற்றி, தண்ணீரில் விரலை நீட்டிக் காத்திருந்தாள். வாடகை எவ்வளவு என்று கேட்டாள். அன்ஷல் சொன்னார், கொஞ்சம் பெருமிதத்தோடுதான்.

"இந்த வீட்டுக்கா?" என்றாள் லுவீனியா.

காமிராக்காரர் காமிராவை இறக்கினார். ஃப்ரூமாவுக்கு இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கட்டடம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தது.

"யோசிச்சுச் சொல்றேங்க," என்று லுவீனியா ஃப்ரூமாவிடம் சொன்னாள், மரியாதையாக. "இன்னும் ரெண்டு வீடு பாக்க வேண்டியிருக்கு." கேக்கில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டாள். ரைஸல் துணைக்கு வர, பஸ் பிடிக்கப் போனாள்.

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வெந்நீர் வரவில்லை.